கிளியக்கா விழுங்கிய பேச்சு

கிளியக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் தொழிலாளர் மன்றத்தின் வாசற்காவலர். சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை. இவளும் அதைத்தான் செய்கிறாள், அதற்குச் சம்பளம் வேறு வாங்குகிறாள் என்பது அவருடைய கட்சி. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மொழிபெயர்ப்பாளர் என்ற நீளமான பட்டத்தைவிட அது வாய்க்கு லேசாக இருந்தது. வேலைக்கு வந்த புதிதில் கிளிப்பொண்ணு. முன்நெற்றியில் நரை தட்டியதும் கிளியக்கா. இன்னும் கொஞ்ச நாளில் கிழட்டுக் கிளி ஆகிவிடுவேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மன்றம் என்றால் பெரிய மாளிகை இல்லை. பழைய கிடங்கு ஒன்றைச் சுண்ணாம்படித்து, உயரத்தில் சன்னல் வைத்து மாற்றியிருந்தார்கள். வேலையை இழந்தவர்கள் ஒரு பக்கம், வேலையைப் பிடுங்கியவர்கள் எதிர்ப்பக்கம், மேடையில் தீர்ப்புச் சொல்கிற தலைவியம்மா. அங்கே சட்டம் ஆங்கிலத்தில் பேசியது, தொழிலாளிகளில் பாதிப் பேர் தமிழில் பேசினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மரநாற்காலி, ஒரு தண்ணீர்க் குவளை, கிளியக்கா. பதிவில் ஏறுவது ஆங்கிலம் மட்டும்தான். தமிழ் சன்னல் வழியாக வெளியே போய்விடும்.

அந்த நாற்காலிக்கு இரண்டு விதிகள். பேசுகிறவர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்; அவர் இப்படிச் சொல்கிறார் என்று தள்ளி நின்று சொல்லக்கூடாது. இரண்டாவது, அறைக்குள் காதில் விழுந்த எதையும் விடக்கூடாது. வசவு, முனகல், பெருமூச்சோடு வந்த அரை வார்த்தை, எல்லாம் போக வேண்டும். “இதைச் சொல்லிடாதீங்க” என்று ஒருவர் கெஞ்சினால் அந்தக் கெஞ்சலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே “நான் அவனைத் தள்ளவில்லை” என்று சொன்ன அதே வாய், மூச்சு விடுவதற்குள் “நீ தள்ளியதை நான் என் கண்ணால் பார்த்தேன்” என்றும் சொல்லும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றே நினைப்பார்கள்.

அவளுக்கோ அது ஒரு அரைத் தூக்கம். உட்கார்ந்த சிறிது நேரத்தில் உயரத்துச் சன்னல்களின் வெளிச்சம் பால் கலந்த தண்ணீராக மாறிவிடும். யாரோ பேசுவார்கள், அது காது வழியாக நுழைந்து வாய் வழியாக வேறு சட்டை போட்டுக்கொண்டு வெளியே போகும், நடுவில் அவள் இருக்கமாட்டாள். சாயங்காலம் எழுந்திருக்கும்போது காலையில் என்ன பேசினோம் என்றே நினைவிருக்காது. வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர், குறும்புக்காரர். கதவைத் திறந்ததுமே, “இன்னைக்கு யாரா இருந்தே?” என்பார். “காலைல கிரேன் ஓட்டுனேன். மத்தியானம் முதலாளி ஆயிட்டேன். ஒரு சமையல்காரனை வேலைய விட்டுத் தூக்கிட்டேங்க” என்பாள். “அட பாவி, அவனுக்குப் பதிலா நீயாவது சமைச்சுப் போடு” என்பார் அவர்.

இந்த வேலைக்கு அவளை யாரும் பழக்கவில்லை, வீடு பழக்கிவிட்டது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே பேச்சை நிறுத்தியவர்கள். எதற்காக நிறுத்தினார்கள் என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது, நிறுத்தியது மட்டும் மறக்கவில்லை. “உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுது.” “உங்கம்மாகிட்ட சொல்லு, பசிக்கல.” மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். ஒருமுறை இவள் கொஞ்சம் கைவேலை காட்டினாள். அப்பா சொன்ன கடுமொழியை உள்ளே போட்டுக்கொண்டு, “அப்பா உன் சமையல் நல்லாருக்குன்னாரும்மா” என்று அம்மாவிடம் நீட்டினாள். அம்மா மலர்ந்துபோய் அப்பாவிடமே நேராகப் போய்ப் பேசினாள். “நான் எப்ப அப்படிச் சொன்னேன்?” என்றார் அந்த மகானுபாவர். குட்டு உடைந்தது. அதன்பிறகு அம்மா அப்பாவோடு மட்டுமல்ல, இவளோடும் பல நாள் பேசவில்லை. அன்றைக்கு வலித்த வலியில் பிள்ளை தீர்மானித்துக்கொண்டது: எண்ணெய் ஊற்றுவதும் இல்லை, தண்ணீர் தெளிப்பதும் இல்லை, சொன்னது சொன்னபடி.

சொன்னபடி சொல்வதற்குச் சொல் வேண்டும் அல்லவா. ஆங்கிலச் சொற்கள் கிளியக்காவுக்கு ஆட்களாகத்தான் தெரிந்தன. அதிலும் மறைத்துச் செய்கிற காரியங்களுக்கு அந்த மொழியில் ஒரு பெரிய கூட்டமே உண்டு. மன்றத்தில் தினமும் புழங்கியது அந்தக் கூட்டம்தான். ஸ்னீக்கி என்பவன் பொடிப்பயல், சர்க்கரை டப்பாவுக்கு மேல் அவனுக்குக் கை எட்டாது. ஃபர்ட்டிவ் திருட்டுமுழிக்காரன். கிளாண்டஸ்டைன் நீள மேலங்கி போட்ட பெரிய மனிதன், கதவைச் சாத்திக் கூட்டம் போடுவான். சரெப்டிஷஸ் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மாடிப்படி ஏறுவான். ஷேடி நிழலை விட்டு வெளியே வரவே மாட்டான். என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது, ஏதோ செய்திருக்கிறான் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். இவர்களில் அண்டர்ஹாண்டட்தான் மோசம். மேலே கைகுலுக்கிக்கொண்டே கீழே காலை வாருவான்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு நல்லவனும் இருந்தான், டிஸ்க்ரீட். வெள்ளைக் கையுறை போட்டவன். அவனும் மறைப்பான்தான், ஆனால் அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றுவதற்காக மறைப்பான். மதிய இடைவேளையில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினால் இவர்கள் எல்லாரும் பேருந்து நிறுத்தத்தில் வரிசையாக நிற்பது அவளுக்குத் தெரியும். தமிழில் இத்தனை பேரைப் பிரித்து நிறுத்த வேண்டியிருக்கவில்லை. கமுக்கம் என்ற ஒன்று போதும். அது திட்டா, பாராட்டா என்பதைச் சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கிளியக்காவும் கமுக்கமான ஆள்தான். மாலையில் வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிடுவாள். அங்கே ஒரு கால்வாய், கரையில் ஒரு பெஞ்சு. இரண்டு மொழியிலும் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறர் பேச்செல்லாம் மெல்ல வடிந்து, அடியில் எங்கோ அவளுடைய சொந்த மௌனம் கொஞ்சம் தெரியும். வீட்டில் “விசாரணை நீண்டுடுச்சுங்க” என்று சொல்லிவிடுவாள். வீட்டுக்காரரிடம் மறைக்க அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டால் அது தன்னுடையதாக இருக்காதோ என்று ஒரு பயம்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சலவைக்கூட வழக்கு வந்தது.

ஊரிலுள்ள மருத்துவமனைகளின் விரிப்புகளையெல்லாம் வெளுக்கிற பெரிய சலவைக்கூடம் அது. அங்கே இஸ்திரி இயந்திரம் ஓட்டுகிற ஒருவரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். ஒடிசலான ஆள், முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்புகள். மாலையில் ஷிஃப்டு மாறும் நேரத்தில் அவர் விரிப்புகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குள் போய் உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறார். கதவருகே வந்ததும் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திரும்பிப் பார்ப்பது கேமராவில் இருக்கிறது. குற்றச்சாட்டு அவ்வளவுதான். ஒரு தலையணை உறைகூடக் காணாமல் போகவில்லை என்பதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

ஆனால் கம்பெனி வக்கீலுக்கு அது போதுமானதாக இருந்தது. எழுந்து நின்று, அந்தச் சொற்கூட்டத்தில் பாதிப் பேரை ஒரே மூச்சில் உள்ளே கூப்பிட்டார். ஃபர்ட்டிவ் என்றார், சரெப்டிஷஸ் என்றார், கடைசியில் மேசையைத் தட்டி அண்டர்ஹாண்டட் என்றார். கிளியக்கா அரைத் தூக்கத்தில் வரிசையாகத் தமிழாக்கினாள்: “திருட்டுமுழி முழிச்சுக்கிட்டு, யாருக்கும் தெரியாம, உள்ளொண்ணு வெளியொண்ணா நடந்துக்கிட்டீங்க.” அந்த மனிதர் ஒவ்வொன்றுக்கும் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினார்.

அவருக்கு இதில் போகவிருந்தது இந்த வேலை மட்டும் இல்லை. கம்பெனி சொல்வது நிலைத்துவிட்டால், அண்டர்ஹாண்டட் என்ற அந்தச் சொல் அவருடைய வேலைச் சான்றிதழில் ஏறிவிடும். அதைப் பார்த்த பிறகு வேறெந்தச் சலவைக்கூடமும் அவரை வாசல்படி ஏற விடாது. இஸ்திரியைத் தவிர வேறு தொழில் அவருக்குத் தெரியாது. இதையெல்லாம் தலைவியம்மாவே பொறுமையாக எடுத்துச் சொல்லி, “ஏன் தாழ் போட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள், உங்களுக்கு இதுதான் வாய்ப்பு” என்றார். கிளியக்கா அதைத் தமிழில் சொன்னாள்.

அந்த மனிதர் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். மேடையைப் பார்க்காமல், கிளியக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“அக்கா, இதை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. உங்களுக்குன்னு சொல்றேன். அந்த ரூம்ல என் பொண்டாட்டி இருப்பா. அவளும் அங்கதான், மடிக்கிற பக்கம் வேலை. புருஷன் பொண்டாட்டி ஒரே கம்பெனியில இருக்கக் கூடாதுன்னு அங்க ரூல். அதனால நாங்க வெளிய சொல்லிக்கல. அவளுக்குப் பகல் ஷிஃப்டு, எனக்கு ராத்திரி ஷிஃப்டு. நான் வீட்டுக்குப் போறப்ப அவ கிளம்பியிருப்பா, அவ வர்றப்ப நான் கிளம்பியிருப்பேன். ஷிஃப்டு மாறுற அந்தக் கொஞ்ச நேரந்தான்க்கா. அவ மடிக்கிற பக்கத்துக் கதவு வழியா வருவா, நான் இந்தப் பக்கம். பேசக்கூட மாட்டோம். துணியெல்லாம் வெதுவெதுன்னு அடுக்கியிருக்கும். அவ சாஞ்ச உடனே தூங்கிருவா. அவ தூங்குறதை நான் பாத்துட்டிருப்பேன். அவ்வளவுதான். தெரிஞ்சா அவ வேலையும் போயிரும்.”

எப்போதும் காதில் நுழைந்தது தானாக வாய் வழியாகப் போய்விடும். அன்றைக்குப் போகவில்லை. கிளியக்கா அந்த அறைக்குள்ளேயே நின்றுவிட்டாள். கூரைவரை வெள்ளை வெள்ளையாக அடுக்கு, சுற்றிலும் இளஞ்சூடு, எங்கோ தூரத்தில் இயந்திரங்களின் ஓசை. ஒருத்தி வாயை லேசாகத் திறந்து தூங்குகிறாள். ஒருவர் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த அறையை எடுத்துக்கொண்டு போய் அந்த வக்கீலின் மேசையில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மனம் என்று ஒன்று அந்த நாற்காலிக்குக் கிடையாது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று.

“எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

தலைவியம்மா புருவத்தை உயர்த்தினார். “அவ்வளவுதானா? அவர் நிறையப் பேசினாரே?”

“தமிழ் அப்படித்தான் அம்மா. சுற்றி வளைத்துப் பேசுகிற மொழி” என்றாள் கிளியக்கா. வக்கீல் சிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று, பழியையும் பெற்ற தாய்மொழியின் தலையில் கட்டினாள் மகராசி. தீர்ப்பு அடுத்த வாரம் என்றார் தலைவியம்மா. அந்த மனிதர் எழுந்து போகும்போது கண்ணாலேயே அவளுக்கு நன்றி சொன்னார்.

அன்று மாலை கால்வாய்த் தண்ணீர் அவள் இதுவரை பார்த்திராத நிறத்தில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவள் தரையில் கால் பாவாதது போல உணர்ந்தாள். தான் செய்ததற்கு என்ன பெயர் என்று யோசிக்கத் தொடங்கியபோதே, வெள்ளைக் கையுறைக்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். டிஸ்க்ரீட். அவளுக்கு அது பிடித்திருந்தது. வாழ்க்கையில் ஒரு முறையாவது அவனோடு தோளுரசி உட்கார அவளுக்கும் ஆசை இருந்தது.

சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு நாள்தான். மறுநாள் மதியம் மன்றத்துப் படிக்கட்டில் ஒரு பெண் வழிமறித்தாள். இறுக்கிக் கட்டிய கூந்தல், சோப்புக் காரத்தில் தோலுரிந்த விரல்கள்.

“நேத்து இஸ்திரிக்காரருக்குப் பேசுன அக்கா நீங்கதானே?”

“ஆமா. நீங்க யாரும்மா?”

“நான் அவரு பொண்டாட்டி.” படிக்கட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

“மெதுவாப் பேசும்மா, யார் காதுலயாவது விழப்போகுது.”

“விழட்டும். கல்யாணம் ஆன நாள்லேருந்து மெதுவாத்தான் பேசிட்டிருக்கேன். நீங்க ரொம்ப நல்லவங்கன்னு அவரு ராத்திரி உருகுறாரு. நான் சொன்னதை அந்தக்கா சொல்லவே இல்ல, நம்மளைக் காப்பாத்திட்டாங்கன்றாரு. யாரைக்கா காப்பாத்துனீங்க?”

“உங்க வேலை போயிடுமேன்னு…”

“என் வேலை இருக்கணுமா போகணுமான்னு என்னைக் கேட்டீங்களா? அவரும் கேக்கல, நீங்களும் கேக்கல. ரெண்டு பேருமாச் சேந்து என் தலைக்கு மேலயே முடிவு பண்ணிட்டீங்க. இப்ப அவரு சான்றிதழ்ல கள்ளத்தனம்னு எழுதிருவாங்க. நான் அங்க மடிச்சுக்கிட்டே இருக்கணும், அவரு ஊர் ஊராப் போய்க் கதவைத் தட்டணும். இதுக்குப் பேரு நல்ல மனசா?”

பிறர் பதிலெல்லாம் வரிசையாக வருகிற கிளியக்காவின் வாயில், தன்னுடையது ஒன்று வேண்டும் என்றபோது ஒன்றுமே இல்லை. அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் தணிந்தது.

“நான் வந்து சொல்றேன்க்கா. அடுத்த வாரமும் இதே மாதிரி லீவு போட்டுட்டு நானே வந்து அந்தம்மா முன்னாடி நின்னு சொல்றேன். நீங்க அதை ஒண்ணு விடாம இங்கிலீசுல சொல்லுங்க.”

“சொல்றேம்மா.”

“ஒண்ணு விடாமன்னா, நீங்க மறைச்சதையும் சேத்து. இல்லேன்னா என்ன சொல்லுவாங்க? வாரம் பூரா புருஷனும் பொண்டாட்டியும் உக்காந்து கதை கட்டிட்டு வந்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. அவரு அன்னைக்கே சொன்னாருன்னு தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். கிளியக்கா அங்கேயே நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது; அந்தப் பெண் மீது இல்லை, அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது என்பதன் மீது.

அன்றைக்கு அவள் கால்வாய்க்குப் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போய், சோறு கொதிக்கிற அடுப்பின் முன்னால் நின்றபடி, வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சொன்னால் தன் வேலை போகும், சொல்லாவிட்டால் அந்த ஆளின் பிழைப்புப் போகும் என்றாள்.

அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “கிளிக்குச் சொந்தப் புத்தி வந்தா இப்படித்தான் ஆகும்” என்றார். அவள் முறைத்தாள். “சரி சரி. ஏன் இன்னைக்கு நேரா வீட்டுக்கு வந்துட்டே? கால்வாய்ப் பக்கம் போகலியா?”

அவள் கையில் இருந்த கரண்டி நின்றது.

“என் பஸ் அந்தக் கால்வாய்ப் பாலத்து மேலதான் போகுது, மறந்துட்டியா? சாயங்கால டிரிப்ல தினம் பாக்குறேன். பாலம் வந்ததும் கொஞ்சம் மெதுவா ஓட்டுவேன். பாசஞ்சருங்க திட்டுவாங்க.”

“இத்தனை வருஷமா ஏங்க ஒரு வார்த்தை கேக்கல?”

“நீ சொல்லலையே. உன்னோடதுன்னு விட்டுட்டேன்.” அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, “அதுல யாருக்கும் நட்டம் இல்ல பாரு. இதுல இருக்கு” என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தாராளமாக அழுதாள்.

அடுத்த வாரம் மன்றத்துச் சன்னல்களில் மழை வழிந்துகொண்டிருந்தது. அறை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருந்தது. மடிப்புக்காரப் பெண் சாட்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் இவர் மனைவி என்று தொடங்கி, அந்த அறை, வெதுவெதுப்பு, தூக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். கிளியக்காவின் வாய் சொன்னது: நான் இவர் மனைவி. நான் தூங்கிவிடுவேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு குற்றமும் அதில் இருப்பதாக அந்த அறையில் யாருக்கும் தோன்றியிருக்காது. இஸ்திரிக்காரர் மட்டும் மனைவியைத் தடுக்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

எதிர்பார்த்தது போலவே வக்கீல் எழுந்தார். அழகான கதை, ஆனால் போன வாரம் இது எங்கே போயிருந்தது, வாய்ப்புக் கொடுத்தபோது சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றாரே இந்த மனிதர், பதிவில் இருக்கிறதே என்றார். தலைவியம்மாவும் அதையே கேட்டார். கிளியக்கா கேள்வியைத் தமிழில் வைத்தாள். அவள் குரல் அவளுக்கே எங்கோ தூரத்திலிருந்து கேட்டது.

அந்தப் பெண் தயங்கவில்லை. “அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க. இதே ரூம்ல, உங்க எல்லார் முன்னாடியும் வாய்விட்டுச் சொன்னாரு. இந்தக்காதான் பாவப்பட்டு, கமுக்கமா முழுங்கிட்டாங்க.”

கிளியக்கா ஆரம்பித்தாள். அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார், இதே அறையில், உங்கள் எல்லார் முன்னாலும். இந்த மொழிபெயர்ப்பாளர் இரக்கப்பட்டு… அங்கே வந்ததும் நின்றாள். மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி அந்தக் கூட்டம் முழுவதும் அவளைச் சுற்றி வந்து நின்றது. பொடிப்பயல் இருந்தான், திருட்டுமுழி இருந்தான், செருப்பைக் கையில் பிடித்தவன் இருந்தான். எல்லாருக்கும் முன்னால் வெள்ளைக் கையுறை அவளிடம் நீண்டது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். வாக்கியம் கௌரவமாக முடிந்திருக்கும், பிழை என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்தப் பெண் சொன்னதில் பாராட்டு இல்லை, வசவும் இல்லை. சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார் என்று மட்டும் சொல்லி முடித்தாள் கிளியக்கா.

தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றினார். “இது உண்மையா? சாட்சியைக் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறேன்.”

அந்த நாற்காலியில் இருப்பவர் தன்னைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் மொழிபெயர்ப்பாளர் என்றே சொல்லிக்கொள்ள வேண்டும்; நான் என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. “மொழிபெயர்ப்பாளர்…” என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் நிறுத்தினாள். “நான்” என்றாள். அறையில் இருந்தவர்கள் யாருடைய ‘நான்’ என்று சுற்றிப் பார்த்தார்கள். “நான் மறைத்தேன். அவர் முழுவதையும் சொன்னார், நான் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். தமிழ் மேல் பழி போட்டேன். அண்டர்ஹாண்டட் என்று அவர் சான்றிதழில் எழுதுவதற்காக வைத்திருக்கிறீர்களே, அந்தச் சொல் அவருடையது இல்லை. என்னுடையது.”

இஸ்திரிக்காரர் பதறி முன்னால் சாய்ந்தார். “என்னக்கா, இங்கிலீசுல நீங்களாப் பேசுறீங்க? என்ன சொன்னீங்க?”

அறையில் பேசியது எதுவும் அவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. விதி விதிதான். அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள்: “நான் பொய் சொன்னேன்னு சொன்னேம்ப்பா.”

தலைவியம்மா நீண்ட நேரம் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமலே, இன்றோடு சரி, இனி நீங்கள் இந்த மன்றத்துக்கு வரவேண்டியதில்லை என்றார். கிளியக்காவின் வாய் வழக்கம்போல அதையும் தமிழாக்கிவிட்டது. “இன்னையோட சரி, இனிமே நீங்க இங்க வரவேண்டியதில்ல.” இஸ்திரிக்காரர் மெல்ல எழுந்தார். கும்பிட்டார். மனைவியின் தோளைத் தொட்டு, “வா, போலாம்” என்றார். அந்தப் பெண்ணின் நிமிர்ந்த முதுகு அப்போதுதான் முதல்முறையாகக் கூனியது.

“உக்காருங்கப்பா” என்றாள் கிளியக்கா. “அது உங்களுக்கு இல்ல. எனக்கு.”

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். உட்கார்ந்தார்.

தலைவியம்மா தீர்ப்பைச் சொன்னார். இவர் மீதான குற்றச்சாட்டு நிலைக்காது. அந்தச் சொல் இவருடைய சான்றிதழில் ஏறக்கூடாது. திங்கட்கிழமை முதல் இவர் பழையபடி வேலைக்குப் போகலாம். கணவன் மனைவி என்பதற்காக இருவரில் எவரையாவது கம்பெனி வெளியே அனுப்பினால் மறுபடி என் முன்னால்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். கிளியக்கா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். மெதுவாக, தெளிவாக, எண்ணெயும் ஊற்றாமல் தண்ணீரும் தெளிக்காமல் சொன்னாள்.

சொல்லி முடித்த பிறகும் இஸ்திரிக்காரரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை, பகையும் இல்லை. பிறகு ரொம்பப் பணிவாக, சின்னக் குரலில் கேட்டார்.

“நிஜமாவே இதான் சொன்னாங்களாக்கா? எங்க மனசு நோகக் கூடாதுன்னு நீங்களா ஏதும் மாத்திச் சொல்லலையே?”

“இல்லப்பா. ஒண்ணும் மாத்தல” என்றாள் கிளியக்கா.

அவர் நம்பவில்லை. அவளைத் தாண்டி, ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அந்தத் தலைவியம்மாவைப் பார்த்தார். தலைவியம்மா அவரைப் பார்த்து ஆமாம் என்று தலையசைத்தார். அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.